இரும்புச் சட்டிச் சாறு

மலையடிவாரத்தில் தடுப்பூசி தயாரிக்கும் கூடம் ஒன்றில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவைவிடச் சீடருக்குப் பத்துப் பதினைந்து வயது அதிகம். அதனால் குரு அவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார். அவர் குருவை ‘டீச்சர்’ என்பார். இதில் யார் யாருக்கு அடங்கியவர் என்பது வெளியாட்களுக்குப் பிடிபடாது.

குருவின் பெயர் காந்திமதி. கிருமிகளோடு பழகிப் பழகிப் பேச்சைச் சுருக்கிக்கொண்டவர். சீடர் ஆவுடையப்பன் அதே கூடத்தின் கேன்டீனில் சமையல்காரராக இருந்தவர். கிருமிகளுக்குச் சாறு காய்ச்ச இந்தக் கைதான் சரி என்று அடம்பிடித்து அவரை வாங்கிக்கொண்டதே காந்திமதிதான். ஆனால் காரணத்தை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொண்டை அடைப்பான் நோய்க் கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்ப்பார்கள். அது கக்கும் விஷத்தை வடித்தெடுத்து, அதன் பல்லைப் பிடுங்கினால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. விஷம் இல்லையென்றால் ஊசியும் இல்லை.

ஆவுடையப்பன் வந்த பிறகு கிருமி காடாக வளர்ந்தது. விஷம் மட்டும் பேருக்குக்கூட வரவில்லை. சோதனைப் பானைகள் ஒவ்வொன்றாக வீணாயின. இன்னொன்றும் இப்படிப் போனால் அவரைக் கேன்டீனுக்கே அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

கேன்டீன் ஒன்றும் கேவலமான இடமில்லை. ஆனால் அவருக்கு இந்த வேலை பிடித்துப்போயிருந்தது. கண்ணுக்கே தெரியாத ஜீவன்களுக்குச் சமைத்துப் போடுவதில் ஒரு குஷி. அதைவிட, டீச்சர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது பிடித்திருந்தது. இந்த வயதில் மாணவனாவது யாருக்குக் கிடைக்கும்?

ஆகவே அடுத்த பானைக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்தார். சாறு மணத்தது. கிருமி கஞ்சியாகத் திரண்டது. அதிலும் விஷம் இல்லை.

அன்று மத்தியானம் அவர் குருவின் மேசை முன்னால் போய் நின்று பொரிந்து தள்ளிவிட்டார். நீங்கள் அனுப்புவதற்கு முன்னால் நானே போய்விடுகிறேன் என்றார். வந்த நாளிலிருந்து நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து விழுந்ததா என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஈரமில்லாத மனுஷிக்குக் கிருமிதான் சேர்க்கை என்றும் சொல்லிவிட்டார். 

காந்திமதி கோபப்படவில்லை. உள்ளே போய் மூடி போட்ட இரண்டு குடுவைகளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் ஆவுடையப்பனுடைய கஞ்சி. இன்னொன்றில் அரிசி கழுவிய தண்ணீர் போலச் சோகையாக ஏதோ இருந்தது.

“விஷம் எதுல இருக்கு, அண்ணாச்சி?”

அவர் கோபம் குறையாமலே சோகைக் குடுவையைப் பார்த்தார். “இதுல என்ன இருக்கப் போவுது? பாவம், பட்டினி கெடந்த மாதிரில்லா இருக்கு.”

“அதுலதான் இருக்கு. ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊசி போடலாம்.”

அவர் மலைத்துப்போனார். காந்திமதி அந்தச் சாற்றைத் தானே கண்ணாடிப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலிருந்த இரும்பை வடித்துவிட்டதாகச் சொன்னார். ஆவுடையப்பன் வீட்டிலிருந்து தன் இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து அதில்தான் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“இரும்புச் சட்டின்னா சத்து, டீச்சர். உடம்புக்கு நல்லது.”

“கிருமிக்கும் நல்லது.”

பிறகு, சமையல்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்தக் கிருமிக்குள் எல்லாப் பக்குவமும் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மரபணு என்று பெயர். விஷம் சமைக்கும் பக்குவத்தின் மேல் ஒரு காவல்காரன் உட்கார்ந்து, அதைத் திறக்க விடாமல் பார்த்துக்கொள்கிறான். கையில் இரும்பு இருக்கிறவரைதான் அவனால் அங்கே உட்கார முடியும். இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தால் பிடி விட்டு எழுந்துவிடுவான். பக்குவம் திறந்துகொள்ளும். அதோடு சேர்ந்து, எங்கே துளி இரும்பு இருந்தாலும் கவ்வி இழுத்து வருகிற கொக்கிகள் செய்யும் பக்குவமும் திறக்கும்.

ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகிறேன் என்று வந்தவர் அதை மறந்துபோனார்.

“அப்போ கொறை இல்லாம இருக்கறவரைக்கும் அது நல்லதா, டீச்சர்?”

“நல்லதுன்னு சொல்ல மாட்டேன். விஷம் கக்காது. அவ்வளவுதான்.”

“சட்டிதான் காரணம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டாம் பானையிலயே தெரியும். நீங்களாக் கேப்பீங்கன்னு இருந்தேன்.”

 ஆவுடையப்பனுக்குக் கோபம் இன்னொரு தரம் எழுந்து பார்த்துவிட்டு அடங்கியது. அவருக்கு இப்போது வேறொரு சந்தேகம்.

“மனுசன் ரத்தம் பூரா இரும்புன்னுதானே சொல்றாங்க. அங்க வந்து அது ஏன் விஷம் கக்கணும்?”

“இருக்கு. ஆனா வெளிய விட மாட்டோம். கிருமி நொழைஞ்சுட்டா இன்னும் இறுக்கிப் பூட்டிருவோம்.”

“கண்ணு கெடையாது, காது கெடையாது. ஒரு மனுசனுக்குள்ள வந்துட்டோம்னு அது எத வச்சுத்தான் கண்டுபிடிக்கும்?”

“சுத்தியும் எல்லாம் இருக்கும். எதுவும் கைக்கு வராது. அத வச்சுத்தான்.”

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சற்றுமுன் தான் சொன்ன வார்த்தை அந்த அறையிலேயே நிற்பதுபோல் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். காந்திமதி கை காட்டி நிறுத்தினார். அவருக்கும் பேச்சு சுலபமாக வரவில்லை. 

“நாளைக்குக் கண்ணாடிப் பாத்திரத்துல காய்ச்சுங்க. நான் மேலிடத்துல பேசிக்கறேன்.” குடுவையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தபடியே சொன்னார். “கிருமி இவ்வளவு செழிப்பா வளந்து நான் எங்கயும் பாத்ததில்ல, அண்ணாச்சி. மொதப் பானையிலயே சொல்லியிருக்கணும். பூட்டி வச்சுட்டேன்.”