நாலு பக்கமும் திறந்த கூடாரம்

கப்பலுக்குப் பாயும் காற்றும் மட்டுமே துணையாக இருந்த காலத்தில், சங்குத்துறை நாட்டை உறங்காப்புலி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். பேர்தான் உறங்காப்புலி. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் போடும் தூக்கத்துக்கு அரண்மனைப் புறாக்கள்கூடக் குரலை அடக்கிக்கொள்ளும்.

அந்த நாட்டில் ஒரு பழக்கம் இருந்தது. சாப்பிடும்போது அந்நியர் கண் பட்டால் சோறு உடம்பில் ஒட்டாது என்று நம்பினார்கள். அதனால் உச்சிவேளை வந்தால் ஊர் முழுக்கக் கதவு சாத்தித் தாழ் போட்டுவிடுவார்கள். அரண்மனையிலும் அப்படித்தான்.

அப்பேர்ப்பட்ட ராஜாவுக்கு ஒரு கனவு வந்தது. பால் நிறத்தில் மணல். கண்ணுக்கு எட்டும் வரை வெயில், ஆனால் சுடவில்லை. ஒரு பெரிய மரம், அதன் நிழலில் நாலு பக்கமும் திறந்த கூடாரம். வாசலில் ஒரு பெரியவர் நிற்கிறார். வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. உள்ளே ஆவி பறக்கச் சாப்பாடு இருக்கிறது. அவர் தொடவில்லை, வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ராஜா குடையும் கொடியும் பரிவாரமுமாக அவரை நோக்கிப் போகிறார். போகப் போக மணல் நீண்டுகொண்டே போகிறது. அதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

தினமும் இதே கனவு. "அவர் பட்டினியாக நிற்கிறார். நான் எப்படி ஐயா சாப்பிடுவேன்?" என்று சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கினார் ராஜா. இளைத்துப்போய் மோதிரம் விரலில் நிற்கவில்லை.

ஒருநாள் துறைத்தெரு வணிகர்கள் மூவர் சபைக்கு வந்தார்கள். யூதர் ஏலியா, நசரானிக் கிறிஸ்தவர் ஈப்பன், மரைக்காயர் உதுமான். அவர்களுடைய ஜனங்களை அந்தத் தெருவில் குடியேற்றியவர் மந்திரி இளஞ்சேந்தன். கனவைக் கேட்டதும் மூவர் முகமும் மலர்ந்தது.

"அது எங்கள் பாட்டனார் அவ்ராகாம்!" என்றார் ஏலியா.

"எங்கள் விசுவாசத்தின் தகப்பன் ஆபிரகாம்!" என்றார் ஈப்பன்.

"எங்கள் இப்ராகீம் நபி அலைஹிஸ்ஸலாம்!" என்றார் உதுமான்.

சகுனப் பண்டிதர் குவலயானந்தருக்கு மந்திரி மேல் எப்போதும் வயிற்றெரிச்சல். விடுவாரா? எழுந்துவிட்டார்.

"மகாராஜா, ஒரு கிழவருக்கு மூன்று சொந்தமா? இதில் இரண்டு பேர் பொய்யர்கள். அந்த இரண்டு கூட்டத்தையும் கப்பலேற்றுங்கள். யார் என்று தெரியாவிட்டால் மூன்றையும் ஏற்றுங்கள். குடியேற்றிய மந்திரியும் கூடவே போகட்டும்!"

அது ஐப்பசி மாதம். கடல் கொந்தளித்துக் கிடந்தது. அப்போது பிள்ளைகுட்டிகளைக் கப்பலேற்றினால் கரை சேர மாட்டார்கள் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும்.

"பாட்டனார் என்ன தென்னந்தோப்பா பண்டிதரே, பங்கு போட்டால் குறைந்துபோக?" என்றார் மந்திரி.

பசியில் இருந்த ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளை மாலைக்குள் உண்மையான வாரிசைக் காட்டும். இல்லாவிட்டால் பண்டிதர் சொன்னதுதான்."

"காட்டுகிறேன். ஆனால் நாளை உச்சிவேளைக்கு நீங்களும் பண்டிதரும் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்து வர வேண்டும்."

மறுநாள் மழை. ஊர் முழுக்கக் கதவுகள் சாத்திக் கிடந்தன. துறைத்தெருவில் மட்டும் எல்லா வாசலும் திறந்திருந்தது. ராஜாவுக்கு ஒரே ஆச்சரியம்.

"பசிக்குது ஐயா" என்று ஏலியா வீட்டு வாசலில் நின்றார்கள். சாக்குக்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். "உள்ளே வாங்க, முதல்ல காலைக் காட்டுங்க" என்று தண்ணீர் ஊற்றினார்.

"சாப்பிடும்போது கதவைத் திறந்து வைக்கிறீரே, கண் படாதா?" என்று கேட்டார் ராஜா.

"கண் படணும்னுதானே ஐயா திறந்து வெச்சிருக்கு? எங்க பாட்டனார் வழிப்போக்கர் வராம கை நனைக்க மாட்டாராம்."

ஈப்பன் வீட்டிலும் அப்படியே எழுந்து ஓடிவந்தார்கள், அப்படியே கால் கழுவினார்கள், காரணமும் அதேதான். உதுமான் வீட்டில் அவர் நின்றுகொண்டே பரிமாற, ராஜா பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

"இன்னும் ஒரு வீடு" என்று மந்திரி கூட்டிப்போனது பண்டிதர் வீட்டுக்கு. தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். உள்ளேயிருந்து காவல்காரன் கத்தினான்: "எவண்டா அவன்? சாப்பாட்டு நேரத்துல யார் வந்தாலும் வெரட்டணும்னு பண்டிதர் உத்தரவு! போறியா, நாயை அவுத்து விடவா?"

சாக்குக்குள் பண்டிதர் கூனிக் குறுகிப்போனார்.

"என் கோட்டைக் கதவு?" என்று மெதுவாகக் கேட்டார் ராஜா.

"அங்கே இதைவிடப் பெரிய தாழ்ப்பாள், மகாராஜா."

ராஜா நேரே அரண்மனைக்கு வந்து படுத்தார். கனவு வந்தது. இந்த முறை குடை இல்லை, கொடி இல்லை. தலையில் ஈரச் சாக்கோடு தனியாக நடந்தார். மணல் நீளவில்லை. பெரியவர் எதிரே ஓடிவந்து காலுக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்தக் குளிர்ச்சி ராஜாவின் நெஞ்சு வரைக்கும் ஏறியது. அவரை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, பெரியவர் முதன்முதலாகத் தாமும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜா சபைக்கு வந்தார். "துறைத்தெருவில் யாரும் கப்பலேற வேண்டாம். இனி என் இலைக்கு எதிரே ஒரு வழிப்போக்கர் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு. அந்த விருந்துக்கு மந்திரிதான் தலைவர்."

பண்டிதர் விடவில்லை. "எல்லாம் சரி மகாராஜா, அந்தப் பெரியவர் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லவில்லையே?"

"என் காலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவர் என்னை யார் என்று கேட்கவில்லை, பண்டிதரே. அவர் யாருடையவர் என்று நான் எந்த முகத்தோடு கேட்பேன்?"

அன்றிலிருந்து உச்சிவேளையில் அரண்மனைக் கதவு திறந்தே இருந்தது. வருகிறவர்களுக்குக் குடை பிடித்து அழைத்துவந்து கால் கழுவிவிடும் வேலை குவலயானந்தருக்கு. முதல் நாள் வந்தவர் ஒரு வழிப்போக்கர், தொப்பலாக நனைந்திருந்தார். பண்டிதர் வேண்டாவெறுப்பாகத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"நீ யாரப்பா?" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, காலைக் கழுவினார்.