எல்லைக்கல்லுக்கு வெளியே நின்ற வடிவம்மையார்

இறந்துபோன ஆடுமாடுகளை அறுத்து, அவை எந்த நோயால் இறந்தன என்று ஆராய்வதே வடிவம்மையாரின் தொழில். கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையம் என்று பலகையில் பெருமையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஊரார் அதைப் பிணக்கொட்டகை என்றார்கள். அம்மையார் காலையில் தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு அங்கே வருவார். மேசையில் கிடக்கும் உயிரற்ற உடலின் நெற்றியிலும் ஒரு சிட்டிகை இடுவார். பிறகு அதன் காதருகே குனிந்து, "உனக்கு என்ன ஆச்சு, தாயீ?" என்று கேட்பார். கிடாயானாலும் காளையானாலும் அவருக்கு எல்லாம் தாயிதான். அதன் பிறகே கத்தியை எடுப்பார். அறுக்கும் நேரத்தில் கொட்டகைக்குள் வேறு எவரும் வராததால் அந்தக் கேள்வி எவர் காதிலும் விழுந்ததில்லை.

அவருடைய தனிமையைச் சொல்லவே மனம் கனக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் தொழில் இன்னதென்று அறிந்ததும் பஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கூட்டம் நெரியும் பேருந்திலும் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். எவ்வளவு சீயக்காய் தேய்த்தாலும் அந்தக் கொட்டகை நெடி போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கூத்தங்காட்டு மந்தையம்மன் முன்னால் போய் உட்கார்ந்து, அந்த வாரம் பார்த்த சாவுகளையெல்லாம் சொல்வார். அம்மன் பதில் பேசவில்லைதான். ஆனால் மூக்கைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. உலகத்தில் அவருக்கென்று இருந்த உறவு அது ஒன்றே.

கூத்தங்காடு ஆடு மேய்ப்பவர்களின் ஊர். மழைக்காலம் முடிந்ததும் அங்கே ஆடுகள் காரணம் தெரியாமல் செத்து விழும். அம்மன் கோபம் என்று ஊர் நம்பியது. அம்மையார் வருடக்கணக்காக அந்தச் சாவின் பின்னாலேயே அலைந்தார். புழுக்கையைச் சோதித்தால் ஒன்றும் தெரியவில்லை. செத்த ஆடு பேருந்து ஏறி அவரிடம் வந்து சேர்வதற்குள் அழுகிப்போயிருக்கும். 'பிணத்தோடு குடும்பம் நடத்துகிறவர்' என்று உடன் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அம்மையார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சன்னதியில் இருக்கும்போதே, கண்ணெதிரில் ஒரு கிடாய் சுருண்டு விழுந்து உயிரை விட்டது. உடம்பில் சூடு ஆறவில்லை. இப்படி ஒன்றுக்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தார்! ஆனால் அது அம்மனுக்கு நேர்ந்து விட்ட கிடாய். ஊர்த்தலைவர் சடையாண்டி குறுக்கே வந்து நின்றார்.

"ஆத்தா கத்திக்குன்னு நேந்து விட்டது, டாக்டரம்மா. வேற கத்தி அதுமேல படப்படாது."

"எப்படியும் புதைக்கத்தானே போறீங்க, அய்யா? இத அறுத்துப் பாத்தா மிச்ச ஆடாச்சும் பொழைக்கும்."

சடையாண்டி கோயிலின் எல்லைக்கல்லைக் கைகாட்டினார்.

"சரி, அறுங்க. ஆனா அறுத்த கை இந்த எல்லைக்கல்லத் தாண்டி உள்ள வரப்படாது. இன்னைக்கின்னு இல்ல, என்னைக்குமே."

அம்மையார் திரும்பி அம்மனைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டார். "சரிங்க அய்யா" என்று சொல்லி, கிடாயைத் தாமே தூக்கிக்கொண்டு கல்லுக்கு வெளியே நடந்தார். பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் விலகிப் போயிற்று. ஆளில்லாத அந்தப் பொட்டலில், கிடாயின் காதில் தம் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பையிலிருந்த கத்தியை எடுத்தார்.

கிடாய் பதில் சொல்லிற்று. ஈரலைக் குஞ்சுத் தட்டைப்புழுக்கள் துளைத்துச் சல்லடையாக்கியிருந்தன. முட்டையிடும் பருவம் வராத புழுக்கள். அதனால்தான் புழுக்கையில் முட்டை எதுவும் அகப்படவில்லை. கோயில் ஊருணியின் நத்தைகளிலிருந்து அவை கரைப்புல்லில் ஏறி, புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போயிருந்தன. அம்மையார் சொன்னபடி மருந்து கொடுத்து, கரையில் மேய்ச்சலை நிறுத்தியதும் சாவு நின்றது. ஊர் மகிழ்ந்து அம்மனுக்குப் பொங்கல் வைத்தது. அம்மையாருக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அவருக்கு வரவில்லை.

கொடுத்த வார்த்தையை அவர் மீறவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எல்லைக்கல்லுக்கு வெளியே, அம்மன் முகம் தெரியாத தொலைவில் நின்று கும்பிட்டுத் திரும்புவார். அங்கிருந்து சத்தம் போட்டா பேச முடியும்? மனதில் இருப்பதைச் சொல்ல இருந்த ஓரிடமும் இல்லாமல் போயிற்று. தலை நரைத்தது. பணி ஓய்வும் வந்தது.

அந்த ஆண்டுத் திருவிழாவில், மேய்ப்பர் வீட்டுப் பெண் இருளாயி மீது அம்மன் இறங்கினாள். திருநீற்றுத் தட்டோடு ஆடி வந்தவள் சட்டென்று நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எல்லைக்கல்லை நோக்கி நடந்தாள்.

"ஆத்தா, எல்லையத் தாண்டாத!" என்று சடையாண்டி அலறினார்.

அம்மன் தாண்டினாள். வெளியே ஒண்டியாய் நின்ற அம்மையாரின் கையைப் பற்றித் தன் முகத்தில் ஒற்றிக்கொண்டாள். நெற்றியில் ஒரு சிட்டிகை திருநீறு இட்டாள். பிறகு காதருகே குனிந்து கேட்டாள்.

"உனக்கு என்ன ஆச்சு, தாயீ?"

உயிரோடிருக்கும் எவரும் அம்மையார் வாயிலிருந்து கேட்டிராத கேள்வி அது. அவரைப் பார்த்து எவரும் ஒருநாளும் கேட்டிராத கேள்வியும் அதுதான். அம்மையார் உடைந்து அழுதார்.

"ரொம்பத் தனியா இருந்துட்டேன், தாயீ."

அம்மன் பிடித்த கையை விடாமல் அவரைக் கல்லுக்கு உள்ளே அழைத்துப் போனாள். சடையாண்டி தலைமேல் கைகூப்பி வழிவிட்டார்.

செத்துக் கிடந்த உயிரையும் குனிந்து விசாரித்தவர் வடிவம்மையார். அவரை நினைக்கிறவர்களையும் ஒருநாள் யாராவது தேடி வந்து விசாரிக்கட்டும்.