உப்புக் கூலி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. அந்த ஓரத்தில் இருக்கிறவரும் நகர்ந்து வாருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு சின்ன நாடு இருந்தது. அந்த மண்ணில் நெல் முளைக்காது. தினை முளைக்காது. ஒரு கீரைத்தண்டுகூட முளைக்காது. உப்பு மட்டும் விளையும். அப்படி ஒரு உப்பு! வெயிலில் பார்த்தால் கண் கூசும்.

உப்பைத் தின்று யாராவது உயிர் வாழ முடியுமா? முடியாது. ஆனாலும் அந்த நாட்டில் ஒருவரும் பட்டினி கிடந்ததில்லை. எப்படி என்றால், மலைநாட்டார் பொதிமாடுகளில் நெல்லும் தினையும் ஏற்றிக்கொண்டு இறங்கி வருவார்கள். ஒரு மரக்கால் தானியத்தைக் கொட்டிவிட்டு ஒரு மரக்கால் உப்பை அள்ளிக்கொண்டு போவார்கள். வந்த தானியம் அரசன் களஞ்சியத்துக்குப் போகும். அங்கிருந்து உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கூலியாக வரும். அந்த நாடு நடந்த விதம் அவ்வளவுதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. உப்பு அளந்து முடிந்ததும் அளத்துப் பெண்கள் ஒவ்வொரு மாட்டின் வாய்க்கு நேரேயும் ஒரு கைப்பிடி உப்பை நீட்டுவார்கள். அதற்கு மாட்டுக்கை என்று பெயர். மாடு நக்கும். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும். தெம்பாக மலை ஏறும்.

அரசன் பெயர் கடலரையன். கெட்டவன் இல்லை. ஆனால் யோசிக்கிற வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டவன். அந்த வேலையைப் பார்த்தவர் மந்திரி தீத்தாரப்பர். அவரைப் போலப் புத்திசாலி எங்கேயும் இல்லை என்று ஊரே சொல்லும். அவரும் சொல்லுவார்.

ஒரு நாள் அரசன் கேட்டான்: "தீத்தாரப்பரே, யாருக்கும் செலவில்லாமல் நம் நாட்டைப் பணக்கார நாடாக்க வழி உண்டா?"

"ஏன் இல்லை மகாராசா? மாட்டுக்குப் போகிற உப்பை நிறுத்துங்கள். ஒரு கைதான். ஆனால் அத்தனை மாட்டுக்கும் கூட்டிப் பாருங்கள், ஒரு அம்பாரமே மிஞ்சும்."

மாட்டுக்கை நின்றது.

அளத்துப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் சிவனணைஞ்சாள். அவள் மந்திரியை வழியில் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, மாடு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. பாத்தா பாவமா இருக்கு. வெறும் நாக்கோட அது எப்படி மலை ஏறும்?"

"மாடு நமக்கு வரி கட்டுகிறதா?" என்றார் தீத்தாரப்பர். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் திரும்பிப் போகையில் ஏற்றத்தில் எத்தனையோ மாடுகள் படுத்துவிட்டன. அடுத்த வருஷம் பாதிப் பேர்தான் வந்தார்கள். களஞ்சியத்தில் பாதித் தானியம்தான் விழுந்தது.

"இது என்ன, குறைகிறதே?" என்றான் அரசன்.

"குறைந்ததை வருகிறவர்களிடமே வாங்கிவிடலாம் மகாராசா. கோட்டை வாயிலில் பொதிக்கு ஒரு படி தானியம் வரி."

சிவனணைஞ்சாள் மறுபடியும் வந்தாள். "ஐயா, வர்றதே பாதிப் பேரு. அவுகளையும் விரட்டிப்புடாதீக."

"எங்கே போய்விடுவார்கள்? நம் உப்பு இல்லாமல் அவர்களுக்குக் கஞ்சி இறங்குமா?"

போனார்கள். வடகரையில் வேறொரு அளம் இருந்தது. அந்த உப்பு கொஞ்சம் கறுப்புத்தான். ஆனால் வாயிலில் வரி இல்லை. மாட்டின் வாய்க்கு ஒரு கை உப்பும் கொடுத்தார்கள். மலைநாட்டாருக்கு அது போதாதா?

மூன்றாம் வருஷம் மலைப்பாதையில் ஒரு மணிச்சத்தம்கூடக் கேட்கவில்லை. களஞ்சியத்தில் தரை தெரிந்தது. இருந்த கொஞ்சத்தை அரண்மனைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று அரசன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எது நம்மிடம் குவிந்து கிடக்கிறதோ அதையே கூலியாகக் கொடுங்கள் மகாராசா," என்றார் தீத்தாரப்பர். "இனிமேல் உப்புத்தான் கூலி. கூலி வேண்டும் என்கிறவன் இன்னும் அதிகமாக விளைவிப்பான். நாட்டில் உப்பு பெருகும்."

பெருகத்தான் செய்தது. கரை நெடுக அம்பாரம் அம்பாரமாக நின்றது. அரசன் பல்லக்கில் வந்து பார்த்தான். "அடேயப்பா, நாம் இவ்வளவு பணக்காரர்களா!" என்று கையைத் தட்டினான். பல்லக்குத் தூக்கியவர்களுக்கு முதல் நாள் சாப்பாடு இல்லை.

அப்போது சிவனணைஞ்சாளின் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். பெற்றவளுக்கு ஒரு வாய் கஞ்சி இல்லை, பால் ஊறவில்லை. முதலில் பிள்ளை வீறிட்டு அழுதது. பிறகு முனகியது. பிறகு வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

சிவனணைஞ்சாள் தன் கூலி உப்பை முந்தானையில் கட்டிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். அரசன் முன்னால் அதைக் கொட்டினாள்.

"மகாராசா, எம் பேரப்புள்ளை சாகக் கிடக்கு. இந்தாங்க என் கூலி. இதை ஒரு வாய் கஞ்சியா ஆக்கிக் குடுங்க. நான் போயிருதேன்."

அரசன் மந்திரியைப் பார்த்தான். "நீர்தானே புத்திசாலி, பதில் சொல்லும்."

தீத்தாரப்பர் கனைத்துக்கொண்டார். "இது ஒரு பெரிய விஷயமா அம்மா? உப்பை விற்று நெல் வாங்கிக்கொள்."

"யாருக்கு விக்க? பக்கத்து வீட்டுக்காரிக்கும் கூலி உப்புத்தானே ஐயா?"

"வெளியூராருக்கு விற்கலாம்."

"அவுகளைத்தான் நீங்க வாசல்லயே விரட்டிட்டீகளே."

"அப்படியானால் மலைக்கே கொண்டுபோய் விற்கலாம்."

"யாரு சுமக்க? எம் மகளா? எழுந்து உக்கார முடியலையே அவளுக்கு."

தீத்தாரப்பர் வாயைத் திறந்தார், மூடினார். அவருக்குப் பதில் கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான். 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால்கூட அரசன் தன் பங்கிலிருந்து ஒரு படி கொடுத்திருப்பான். புத்திசாலி என்று பெயர் எடுத்தவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"நாளைக்கு வா. யோசித்துச் சொல்கிறோம்," என்றார்.

மறுநாள் அவள் வரவில்லை. விடியும்போதே பிள்ளை போய்விட்டது. உப்புப் பாத்தி ஓரத்தில், உப்பு வாரும் பலகையாலேயே ஒரு குழி தோண்டினாள். புதைத்த இடத்தில் ஒரு செடி நடலாம் என்றால், அந்த மண்ணில் எது முளைக்கும்? பலகையை அங்கேயே ஊன்றினாள். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். அவள் போவதைப் பார்த்துப் பின்னாலேயே அளத்து ஆட்கள் நடந்தார்கள். பல்லக்குத் தூக்கிகள் நடந்தார்கள். கோட்டை வாயில் காவலர்களும் ஈட்டியைச் சாத்திவைத்துவிட்டு நடந்தார்கள்.

"எல்லோரும் போகிறார்களே!" என்று அரசன் பதறினான்.

"போகட்டும் மகாராசா. கூலி மிச்சம்," என்றார் தீத்தாரப்பர்.

மலைநாட்டில் அவர்களை யாரும் வாழை இலை போட்டு வரவேற்கவில்லை. கல் உடைத்தார்கள். விறகு சுமந்தார்கள். சிவனணைஞ்சாளின் மகள் அப்புறம் பேசவே இல்லை என்று சொல்வார்கள். நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லாததைச் சொல்லி என்ன செய்ய?

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. மழைக்கு முன்னால் அம்பாரங்களைப் பனையோலை வேய்ந்து மூடுவது அளத்து ஆட்களின் வேலை. அதைச் செய்ய ஆள் ஏது? முதல் துளி விழுந்ததுமே உப்பு குழியத் தொடங்கியது. ஒரு நாட்டின் செல்வம் முழுவதும் வாய்க்காலாக ஓடி, வந்த கடலுக்கே திரும்பிப் போனது. அரசன் மாடத்தில் நின்று "யாரங்கே, யாரங்கே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அங்கே யாரும் இல்லை.

இந்தக் கதையின் நீதி இதுதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உழைக்கிறவன் வயிற்றையும் வாங்க வருகிறவன் வழியையும் அடைத்துவிட்டு எந்த அரசும் தன் நாட்டைச் செழிக்க வைக்க முடியாது.

தீத்தாரப்பர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கொட்டுகிற மழையில் அவர் தனியாக அளத்துக்கு ஓடினார். இருப்பதிலேயே பெரிய அம்பாரத்தின் மேல் கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உதறி உச்சியில் விரித்தார். காற்று அதைத் தூக்கியது. நான்கு முனையையும் பிடிக்க இரண்டு கைதானே உண்டு? அதனால் சால்வையின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டார்.