பவளமாடத்துப் பல்லி

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் மாறுவேடம் போட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த நாளில், மாணிக்கபுரி என்று ஒரு பட்டணம் இருந்தது. அதன் கடைத்தெருவில் பவளமாடம் என்று ஒரு மாடி வீடு. தேக்குத் தூண், பளிங்குத் தரை, வாசல் நிலை முழுக்கச் சிற்பம். இத்தனை இருந்தும் குடியிருக்க ஆளில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் பால் பொங்காது.

புது வீட்டுக்குப் போனால் முதலில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவோம் அல்லவா? பொங்கி வழிந்தால்தான் குடிபோக மனசு வரும். பவளமாடத்தில் யார் காய்ச்சினாலும் பால் விளிம்பு வரை வரும். உடனே சுவரில் ஒரு பல்லி ‘ச்சு ச்சு ச்சு’ என்னும். பொங்கி வந்த பால் பொசுக்கென்று அடங்கிவிடும். மந்திரி காய்ச்சினார், அடங்கியது. தளபதி வாளை உருவிக்கொண்டு காய்ச்சினார், அப்போதும் அடங்கியது. ராஜாவுக்கே அலுத்துப்போய், “எவர் காய்ச்சும் பால் பொங்குகிறதோ, வீடு அவருக்கே” என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டார்.

அந்தச் சத்தம் சத்திரத்தில் தங்கியிருந்த செங்கமலத்தின் காதில் விழுந்தது. ஆற்று வெள்ளத்தில் குடிசையைப் பறிகொடுத்துவிட்டு, கணவன் ஆண்டியப்பனோடும் கைக்குழந்தையோடும் பட்டணம் வந்தவள் அவள். “சத்திரம் வழிப்போக்கருக்குத்தான், குடித்தனத்துக்கு இல்லை. நாளைக்குக் காலி பண்ணிடணும்” என்று சத்திரத்துக் காரியக்காரர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். வெளியே அடைமழை. குழந்தைக்கோ நெஞ்சு நிறையச் சளி.

“மந்திரிக்கே பொங்காத பால் நமக்கா பொங்கப்போகுது?” என்றான் ஆண்டியப்பன்.

“மந்திரிக்கு வேற வீடு இருக்கு. நமக்கு இருக்கா?” என்றாள் செங்கமலம்.

கடன் கேட்ட பாலும் அரிசியும், வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமம் வைத்த தட்டுமாகப் பவளமாடத்துக்குப் போனார்கள். முதல் தடவை காய்ச்சினாள். பல்லி ‘ச்சு ச்சு ச்சு’ என்றது. பொங்கி வந்த பால் பொசுக்கென்று அடங்கியது. விறகைத் தள்ளி மறுபடி காய்ச்சினாள். மறுபடியும் ‘ச்சு ச்சு ச்சு’. பொங்கி வந்த பால் பொசுக்கென்று அடங்கியது.

செங்கமலத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். “ஏ பல்லி! உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணலை. ஆனா வீடு என்னுது” என்றது பல்லி.

ஆண்டியப்பன் தூணைக் கட்டிக்கொண்டான்.

“என் பேர் பவளநம்பி. கப்பல்ல பவளம் கொண்டுவந்து வித்தவன். ஆசை ஆசையாக் கட்டினேன் இந்த வீட்டை. கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே வீடு வீடாப் போய் அழைச்சேன். பக்கத்து வீட்டு வேம்பாயியை மட்டும், பக்கத்துல இருக்கிறவங்கதானேன்னு, மதில் மேல எட்டிப் பார்த்து ‘நாளைக்கு வந்துடுங்க’ன்னு சொல்லிட்டேன்.”

“ஐயய்யோ!” செங்கமலம் கன்னத்தில் கை வைத்தாள். “சுவத்து மேலேயா?”

“அவ மந்திரக்காரின்னு எனக்குத் தெரியாதும்மா.”

“மந்திரக்காரியா இல்லாட்டியும் கோவம் வருமே!”

“வந்தது. ‘சுவத்து மேல நின்னு அழைச்சவன் சுவத்துலயே கிட. எவராவது எதிரில் வந்து, சந்தனம் குங்குமம் கொடுத்து, தாம்பூலத் தட்டு நீட்டி உன்னை விசேஷத்துக்கு அழைச்சா மனுஷனாவே’ன்னு சபிச்சுட்டா. பல்லியை யாரு அழைப்பா? துடைப்பத்தைத்தான் தூக்குவாங்க.”

“நான் அழைச்சா?”

“நான் மனுஷனாவேன். வீடு எனக்கு, நீ தெருவுக்கு. இப்போ அழைப்பியா?”

செங்கமலம் அழைக்காவிட்டால் பல்லி மூன்றாம் தடவையும் கத்தும். அழைத்தாலும் வீடு போகும். அவளுக்கு எரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு மனுஷன் மேலே பட்டினியாகத் தொங்கிக்கொண்டிருக்க, கீழே தான் உலை வைத்துச் சாப்பிட்டால் அது எந்த வயிற்றில் ஒட்டும்? மூன்றாம் தடவையாகப் பாலை அடுப்பில் ஏற்றினாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மழையோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். வேம்பாயி இன்னும் இருந்தாள். மந்திரக்காரிகளுக்குச் சாவு அவ்வளவு சீக்கிரம் வராது. அவளை வாசலில் நின்று முறையாக அழைத்துக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு பல்லிக்கு எதிரில் போய் நின்றாள்.

“வீட்டைக் கெடுத்தியேடி!” என்றான் ஆண்டியப்பன்.

“பவளநம்பி ஐயா, எங்க வீட்டுல பால் காய்ச்சுறோம். சந்தனம் எடுத்துக்கங்க, குங்குமம் எடுத்துக்கங்க. அவசியம் இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்.”

பல்லி தொப்பென்று தட்டில் விழுந்து வெற்றிலையைக் கவ்விக்கொண்டது. அடுத்த நொடி, நரைத்த மீசையும் சாயம் போன பட்டு அங்கவஸ்திரமுமாக ஒரு பெரிய மனுஷர் நின்றார். தூணைத் தடவினார், தரையைத் தடவினார்.

“என் வீடு! சரிம்மா, நீங்க கிளம்புங்க.”

ஆண்டியப்பன் குழந்தையைத் தூக்கிவிட்டான். செங்கமலம் நகரவில்லை.

“கையில என்ன ஐயா?”

“வெத்திலை.”

“யார் வீட்டு விசேஷத்துக்கு எடுத்தீங்க?”

பவளநம்பி கையிலிருந்த வெற்றிலையைக் குனிந்து பார்த்தார். வேம்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். “வியாபாரிதானே நீ? இவ ‘எங்க வீடு’ன்னு சொல்லி அழைச்சா, நீயும் தாம்பூலம் எடுத்தே. நான் பார்த்தேன். தாம்பூலம் எடுத்தப்புறம் பேச்சு மாறுமா?” பின்னே, செங்கமலம் ஒன்றும் யோசிக்காமலா தட்டை நீட்டியிருப்பாள்! அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் புஸ்ஸென்று பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. தடுக்கச் சுவரில் பல்லி இல்லை.

இலை போட்டார்கள். பவளநம்பி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவினார். விருந்துக்கு வந்தவர் அப்புறம் என்ன செய்வார்? சொல்லிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். அவர் வாசல் வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேம்பாயியைத் தவிர அவரைத் தெரிந்தவர் எவரும் அந்தப் பட்டணத்தில் உயிரோடு இல்லை.

ஜெயித்துவிட்ட செங்கமலத்துக்குச் சந்தோஷமே வரவில்லை. போக இடமில்லாமல் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“ஐயா, மாடி சும்மாதான் கிடக்கு. பாய் போட்டிருக்கேன், போய்ப் படுங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். “என் வீட்டுல எனக்கே பாயா?”

“எங்க வீட்டுல” என்று திருத்தினாள் செங்கமலம்.

பவளநம்பி அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிம்மா, உங்க வீட்டுல” என்று சொல்லி மாடிப்படி ஏறினார்.