பச்சோந்தியின் பிரிந்த கண்கள்

மரமும் ஓணானும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பச்சோந்தியின் இரண்டு கண்களும் நம்முடையவை போல ஒரே திசையைத்தான் பார்த்தன. அதன் கால்களும் வேகமானவை. ஒரு மரத்திலிருந்து இறங்கி அடுத்த மரத்தில் ஏறுவதற்குள் அதன் நிழல் பின்தங்கிவிடும் என்பார்கள்.

கடலோரச் செம்மணல் மேடுகளான தேரியின் விளிம்பில் ஓர் ஊர் இருந்தது. தேரியின் நடுவே ஒரு சுனை. கோடையில் ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டால் அந்தச் சுனைதான் கதி. ஆனால் அந்த வருஷம் சுனைக்குப் போன ஒருவரும் திரும்பவில்லை. கம்பு சுற்றுவதில் பேர்போன கொம்பையாவும் போனான். அவன் எடுத்துப்போன குடம்கூட ஊருக்கு வந்து சேரவில்லை.

கொம்பையாவின் மனைவி வெயிலாள். அவளும் கம்பு பிடித்தவள்தான். ஒரு மாதம் கழித்து அவள் வாசலுக்கு ஒரு பச்சோந்தி வந்தது. சுனையோரத்து முள் அடர்ந்த உடைமரத்தில் குடியிருந்தது அது.

"எக்கா, அண்ணனைக் கொண்டுபோனதை நான் பார்த்தேன்" என்றது.

வெயிலாள் முறத்தைக் கீழே வைத்தாள். "சொல்லு."

"உச்சி வேளையில, நிழல் காலடிக்குள்ள ஒடுங்கும்போது வருதுங்க. ரெண்டு. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. கண்ணால பார்த்துக்கிட்டே இருந்தா கல்லு மாதிரி நிக்கும். கண்ணை எடுத்தா நகரும். அண்ணன் முன்னாடி நின்னதையே பார்த்தாரு." அது தலையைத் தாழ்த்திக்கொண்டது. "மரத்துல இருந்த நானும் அதையேதான் பார்த்தேன். பின்னாடி ஒண்ணு வந்ததை ரெண்டு பேருமே பார்க்கலை."

வெயிலாள் சுவரில் சாய்ந்திருந்த கம்பை எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அடிச்சா விழுமா?"

"அண்ணனுக்கு முன்னால போனவர் ஒண்ணை அடிச்சுச் சாய்ச்சாரு. மத்தது அவரைப் பிடிக்கவும், சாஞ்சது எந்திரிச்சிட்டுது. ரெண்டும் ஒரே வீச்சுல விழணும்."

"அப்போ நீ என் தோள்ல உட்காரு. நான் முன்னால பார்க்கேன், நீ பின்னால பாரு."

மறுநாள் காலையிலேயே பயிற்சி தொடங்கியது. கம்பை நடுவில் பிடித்து, ஒரு முனை முன்னேயும் மறுமுனை பின்னேயும் பாயும்படி வீச வேண்டும். தோளில் இருக்கும் பச்சோந்தி கீழே விழவும் கூடாது. கொம்பையாவின் தங்கை முத்துக்கனி எட்டி நின்று உடைமரத்துக் காய்களை வீசினாள். எத்தனை காய் எந்தப் பக்கம் விழுந்தது என்று வெயிலாள் சொல்ல வேண்டும். காயை எண்ணினால் கம்பு தடுமாறியது. கம்பைக் கவனித்தால் காய் தப்பியது. ஒருதரம் தன் கம்பே கணுக்காலில் பட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டையும் ஒண்ணாப் பிடிக்க முடியாது மதினி. விட்டுருங்க" என்று முத்துக்கனி அழுதாள்.

வெயிலாள் விடவில்லை. காய் வீச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருபது நாள் வெறும் கம்பை மட்டும் சுற்றினாள். சமைக்கும்போதும் கை தானாக அசைந்தது. இருபத்தோராம் நாள் காய்களை வீசச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கம்பைக் கைகிட்டக் கொடுத்துட்டேன் முத்து. மனசு இப்ப சும்மாத்தான் இருக்கு. எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம்."

பச்சோந்திக்குத்தான் சிரமம். முதுகுக்குப் பின்னால் கம்பு விர்ரென்று ஒலித்தால், என்ன நடக்கிறது என்று பார்க்க அதன் தலை திரும்பிவிடும். மூக்கில் எறும்பு ஊர்ந்தாலும் பார்வையை எடுக்காமல் இருக்கப் பழகியது. ஆனாலும் இமைக்காமல் இருக்க அதனால் முடியவில்லை.

ஊரில் எஞ்சியிருந்த கடைசிக் கிணற்றிலும் வாளி சேற்றைத் தட்டிய அன்று இருவரும் புறப்பட்டார்கள்.

தேரியில் காற்று இருந்தது. ஆனால் பனையோலைகள் சலசலக்கவில்லை. மணல் சுட்டது. நடக்க நடக்க வெயிலாளின் நிழல் சுருங்கி, கடைசியில் பாதத்துக்குள் போய்விட்டது. சுனை கண்ணில் பட்டபோது முன்னால் ஒருவன் நின்றான். கொம்பையா. அதே தலைப்பாகை, அதே நெற்றித் தழும்பு. அவன் நின்ற மணலில் காலடித் தடம் ஏதும் இல்லை.

"பின்னால?" என்றாள் வெயிலாள்.

"நிக்குது எக்கா. மூஞ்சி இல்லை."

அவள் பார்வையை எடுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் இமைக்காமல் இருப்பது? ஒருமுறை இமைத்தாள். கொம்பையா ஓரடி நெருங்கியிருந்தான். உதடுகள் அசையாமலே அவன் குரல் வந்தது.

"வெயிலா, தண்ணி எடுக்க இவ்வளவு நேரமா?"

அவன் தினமும் கேட்கும் கேள்விதான். தோளில் பச்சோந்தி நகங்களை ஊன்றியது.

"நானும் இமைச்சிட்டேன். இங்கேயும் ஒரு அடி வந்துட்டுது."

இமைக்க இமைக்க இரண்டும் நெருங்கின. முன்னால் நின்றது கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. அதன் மூச்சில் ஈர மணலின் வாடை வந்தது.

"எக்கா, பின்னால கம்பு எட்டுற தூரம். வீசு!"

கை தயாராக இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை அடிக்க அவளால் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டி, முகம் கலங்கித் தெரிந்தது. கலங்கிய முகம் மெல்ல நகர்ந்தது. குளிர்ந்த விரல் ஒன்று அவள் மணிக்கட்டில் பட்டது.

"பச்சை, என்னால அவரைப் பார்க்க முடியலை" என்றாள். "இங்கேயும் நீயே பாரு. அங்கேயும் பாரு. நான் கண்ணை மூடப்போறேன்."

"ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துல."

பச்சோந்தி ஒரு கண்ணைப் பின்னால் நின்றதன் மேல் வைத்தது. மறு கண்ணை முன்னால் இழுத்தது. தலைக்குள் ஏதோ நார் கிழிவது போல வலித்தது. இமைகள் இறுகி விழியோடு ஒட்டிக்கொண்டன. நடுவில் ஒரு சிறு துளை மட்டும் மிஞ்சியது. வலது கண் ஒரு திசை, இடது கண் ஒரு திசை. முன்னும் பின்னும் வந்தவை இரண்டும் கல்லாய் நின்றன.

வெயிலாள் கண்ணை இறுக மூடி ஒரே வீச்சாகக் கம்பைச் சுழற்றினாள். கம்பின் இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் தட்டுப்பட்டது. மனித உடம்பின் கனம் இல்லை. மூட்டை அவிழ்ந்து கொட்டுவது போன்ற சத்தம். கண்ணைத் திறந்தபோது முன்னே ஒரு மணல்குவியல், பின்னே ஒரு மணல்குவியல். பனையோலைகள் மறுபடி சலசலத்தன.

அவள் முன்னால் இருந்த குவியலின் அருகே மண்டியிட்டு, அதில் கை வைத்து, வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின் சுனையில் முகம் கழுவி, பச்சோந்தியை உள்ளங்கையில் எடுத்தாள்.

"முடிஞ்சிட்டுது. என்னைப் பாரு."

அது பார்த்தது. ஒரு கண் அவள் முகத்தில் நின்றது. மறு கண் உருண்டு பின்னால் போய்த் தேரியைத் துழாவியது.

"இன்னும் என்ன பார்க்கே?"

"நிறுத்த முடியலை எக்கா. பார்க்காம விட்ட பக்கத்துல ஏதோ ஓரடி வைக்கிற மாதிரியே இருக்கு."

அவள் அதை உடைமரத்தில் விட்டாள். ஓடி ஏறும் பச்சோந்தி அன்று ஓடவில்லை. ஒரு காலைத் தூக்கியது, முன்னும் பின்னும் ஆடியது, காத்திருந்தது, பிறகுதான் வைத்தது.

அன்று முதல்தான் பச்சோந்தியின் கண்கள் ஆளுக்கொரு திசையாய்ச் சுழல்கின்றன, அது நின்று நின்று அடி வைக்கிறது. இரையைப் பிடிக்கும் ஒரு நொடிக்கு மட்டும் இரண்டு கண்களையும் முன்னால் சேர்த்து, முதுகுப் பக்கம் எதுவும் நெருங்குவதற்குள் நாக்கை வீசி இழுத்துக்கொண்டு, உடனே அவற்றை மறுபடி பிரித்துக்கொள்கிறது.