பேச்சி செய்த ஈசல்

கண்மாய் நிரம்பித் தளும்பிக்கொண்டு இருந்தது. மீனுக்குச் சந்தோஷம், தவளைக்குச் சந்தோஷம், நாணலுக்கும் சந்தோஷம். கரையோரத்துக் கருவேலமரத்தில் கூடு கட்டியிருந்த பேச்சி என்ற கொக்குக்கு மட்டும் கவலை.

கொக்குக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் நின்று மீன் பிடிக்க முடியாது. இந்த வருஷம் மழை ஒரே மூச்சாகக் கொட்டி, அவள் வழக்கமாக நிற்கிற இடமெல்லாம் முங்கிப்போயிற்று. கூட்டிலோ மூன்று குஞ்சுகள். மூன்றும் கண்ணைத் திறக்கும் முன்னே வாயைத் திறக்கிற ரகம்.

அவள் புருஷன் மாடன் விடிந்ததும் தூரத்து வயல்களுக்குப் பறந்துவிடுவான். கிடைத்த தவளையையும் நண்டையும் தொண்டையில் அடக்கிக்கொண்டு பொழுது சாயத்தான் திரும்புவான். அது இரண்டு குஞ்சுக்குத்தான் காணும். கடைசியாகப் பொரித்த குஞ்சை மற்ற இரண்டும் முட்டித் தள்ளிவிடும். அது ஓரமாகச் சுருண்டு கிடக்கும்.

பேச்சியும் வயலுக்குப் போகலாம்தான். ஆனால் கூட்டை விட்டுக் கண் எடுத்தால் காக்காய் வந்துவிடும். கூடு கண்ணில் படுகிற தூரத்துக்குள் கால் ஊன்ற ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிற மடையின் பக்கத்தில், தண்ணீரை ஒட்டினாற்போல ஒரு கல். அதில் நின்று குனிந்து பார்த்தால் ஆழத்தில் கெண்டை மீன்கள் பளிச் பளிச்சென்று திரும்புவது தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒன்றும் மேலே வராது.

ஒரு நாள் சாயங்காலம் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. பாதி ஈசல் தண்ணீரில் விழுந்து துடித்தது. அவ்வளவுதான், கெண்டைகள் சளப் சளப்பென்று மேலே வந்து விழுங்க ஆரம்பித்தன. பேச்சி கல்லில் நின்றபடியே ஐந்து மீன் பிடித்தாள். அன்றைக்குக் கடைக்குட்டியும் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, அண்ணன்மார் மேலேயே காலைப் போட்டுத் தூங்கியது.

மறுநாள் ஈசல் இல்லை. மீனும் இல்லை.

ஈசல் வராவிட்டால் என்ன, நாமே ஒன்று செய்து போட்டால் என்ன என்று பேச்சிக்குத் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. பேர்தான் பேச்சி, நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. மாடனிடம் மட்டும் மெல்லச் சொன்னாள். "செஞ்சு பாரு புள்ள, நான் சிரிக்க மாட்டேன்" என்றான் மாடன். சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனாலும் அது நல்ல சிரிப்பு.

முதலில் ஒரு புளிய இலையைப் போட்டாள். நனைந்து கீழே போய்விட்டது. சுள்ளியை ஒடித்துப் போட்டாள். மிதந்தது, ஆனால் ஒரு கெண்டை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுக் கெட்டியாக இருக்கிறதென்று துப்பிவிட்டது. தெர்மாகோல் துண்டு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. அதைக் கொத்தினால் பொரி மாதிரி உதிர்ந்தது.

அப்புறம்தான் அந்தச் செருப்பு கண்ணில் பட்டது. வார் அறுந்த ரப்பர் செருப்பு. மழைத் தண்ணீரில் மிதந்து வந்து நாணலில் மாட்டியிருந்தது. அலகால் ஒரு துண்டைக் கிள்ளினாள். மெத்தென்று இருந்தது. தண்ணீரில் அழுத்தினாள். அழுத்த அழுத்த மேலே வந்தது.

பேச்சி துண்டை ஈசல் உடம்பு அளவுக்குக் கொத்திக் கொத்திச் சிறிதாக்கினாள். கருவேல முள்ளால் குறுக்கே மூன்று ஓட்டை போட்டாள். கோரைப்புல்லை நார் நாராகக் கிழித்து ஓட்டைகளில் நுழைத்து இழுத்தாள். இந்தப் பக்கம் மூன்று கால், அந்தப் பக்கம் மூன்று கால். செய்ததை ஈரமண்ணில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒயிலன் வந்து கிளையில் உட்கார்ந்தான். ஒயிலன் என்பது அந்தக் கண்மாயின் மீன்கொத்தி. நீலச் சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி இருப்பான். அவனுக்கு ஆழமும் ஒன்றுதான், மேடும் ஒன்றுதான். பாய்ந்தால் மீன்.

"என்ன தங்கச்சி அது?" என்றான்.

ஈசல் என்று அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஈசலா? நான் காலையில செரிக்காத மீன்முள்ளக் கக்குவேன் பாரு, அது இதவிட லட்சணமா இருக்கும்."

ஒயிலனுக்குப் பின்னாலேயே பவுனு என்ற மைனாவும் வந்துவிட்டாள். ஊர்ச்சேதி எதுவும் பவுனு இல்லாமல் நகராது. அவள் ஈசலைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தாள். பொழைப்புக்காகச் செய்கிற பொருளை இப்படியா மூளியாக விடுவது, கொஞ்சம் நிறம் வேண்டாமா, பெண்பிள்ளை செய்தது என்று தெரிய வேண்டாமா என்று பாவம் அக்கறையாகத்தான் சொன்னாள்.

பேச்சிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த ஈசலைத் தண்ணீரில் போட்டுக்கூடப் பார்க்காமல் கூட்டுக்கடியில் மறைத்துவைத்தாள்.

அடுத்த நாள் புதிதாக ஒன்று தொடங்கினாள். கல்யாணமுருங்கைப் பூவின் சிவப்பு இதழை முதுகில் செருகினாள். பிஸ்கட் உறையின் மினுமினுப்பைச் சிறகாக வைத்தாள். இவ்வளவும் தாங்க உடம்பு போதவில்லை. ஆகவே செருப்பில் பெரிய துண்டாக எடுத்தாள். மண்ணில் வைத்து, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். நிஜமாகவே அழகாக இருந்தது.

பவுனு நாலு மைனாக்களைக் கூட்டிவந்து காட்டினாள். ஒயிலன்கூடத் தன் வாலிலிருந்து உதிர்ந்த நீல இறகு ஒன்றைக் கொடுத்து, இதையும் நட்டுவை என்று பெருந்தன்மையாகச் சொன்னான். பேச்சிக்கு உள்ளுக்குள் பூரிப்பு. அவள் செய்த ஒரு பொருளை ஊர் கூடிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தண்ணீரில் விட்டாள். கல்லில் அசையாமல் நின்றாள். காலை போயிற்று. மத்தியானம் போயிற்று. கெண்டைகள் ஆழத்திலேயே திரும்பிக்கொண்டு இருந்தன. ஒன்றுகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சிவப்பு போதாது என்றாள் பவுனு. பேச்சி இன்னொரு இதழ் வைத்தாள். மினுக்கம் போதாது என்றான் ஒயிலன். இன்னொரு துண்டு உறை வைத்தாள். இப்படியே மூன்று நாள் போனது. ஈசல் ஒரு தவளை அளவுக்கு வந்துவிட்டது. பார்க்க வருகிற கூட்டமும் கூடிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாடன் இரையோடு வந்து உட்கார்ந்தான். இரண்டு குஞ்சுகள் கத்திக்கொண்டு பாய்ந்தன. கடைக்குட்டி கத்தவில்லை. தலையைத் தூக்கியது, முடியாமல் திரும்பக் கீழே வைத்துக்கொண்டது. மாடன் ஒரு தவளைக் காலை அதன் வாயில் வைத்து ஊட்டினான். பாதி உள்ளே போனது, பாதி வெளியே வந்தது.

"நாளைக்கு ஒரு மீனாவது வேணும் புள்ள" என்றான் மாடன். அவன் சிரிக்கவில்லை.

விடிந்ததும் பேச்சி மடைக்கல்லுக்கு வந்து தன் அழகான ஈசலைத் தண்ணீரில் விட்டாள். விட்ட கொஞ்ச நேரத்தில், அதற்கு நேர் கீழேயிருந்து முக்குளிப்பான் என்கிற நீர்ப்பறவை ஒருத்தி தலையை நீட்டினாள். சின்னமணி என்று பேர். பகலில் முக்கால்வாசி நேரம் தண்ணீருக்கடியில்தான் அவள் குடித்தனம்.

"யார் மதினி இது, நாலு நாளா என் தலைக்கு மேல செருப்பைப் போடுறது?" என்று சின்னமணி தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டே கேட்டாள்.

பேச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. செருப்பு இல்லை, ஈசல் என்றாள்.

சின்னமணி திரும்பி, அதன் மேலே இருக்கிற பூவையும் இறகையும் மினுக்கத்தையும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அட, இவ்வளவு இருக்கா இதில், கீழேயிருந்து ஒன்றுமே தெரியவில்லையே என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

பேச்சி அழுகையை நிறுத்தினாள். வெட்கத்தையும் மறந்தாள். "அப்போ கீழேயிருந்து என்னதான் தெரியுது மதினி?"

"என்ன தெரியும்? வானம் வெளிச்சமா இருக்கும். அதுல மிதக்கிறது எதுவா இருந்தாலும் கறுப்புத்தான். செவப்பாவது நீலமாவது. ஒன்னோடது ஒரு கறுப்புக் கட்டி. பயந்து நானே சுத்திப் போறேன்."

"நெச ஈசல்?"

"அது குட்டியூண்டு. காலு மட்டும் தண்ணிய கிச்சுகிச்சு மூட்டிக்கிட்டே இருக்கும். அந்த நடுக்கத்தப் பாத்தாலே எனக்கு எச்சில் ஊறும்."

சின்னமணி சொல்லிவிட்டு முங்கிப்போனாள். பேச்சி அந்தக் கல்லில் நின்றபடி ஈசலை உற்றுப் பார்த்தாள். முதுகில் ஏற்றிய பாரத்தில் அது ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. கால்கள் ஆறில் மூன்று வெயிலில் நீட்டிக்கொண்டு இருந்தன. மிச்ச மூன்றும் செருப்புத் துண்டுக்கடியில் நசுங்கிக் கிடந்தன. இத்தனை நாளும் மண்ணில் வைத்து, மேலேயிருந்தே பார்த்துப் பார்த்துச் செய்தோமே, ஒரு தடவையாவது மீன் எங்கே இருக்கிறது என்று நினைத்தோமா என்று அவளுக்கு உறைத்தது.

அப்புறம் அவள் யோசிக்கவில்லை. பூவைப் பிடுங்கிப் போட்டாள். உறையைப் பிடுங்கிப் போட்டாள். ஒயிலன் கொடுத்த இறகையும் பிடுங்கி ஓரமாக வைத்தாள். பெரிய துண்டைக் கொத்திக் கொத்தி ஈசல் அளவுக்குக் கொண்டுவந்தாள். அடிப்பக்கத்தை மட்டும் உருண்டையாக்கினாள். கோரை நார் விறைப்பாக இருந்ததால் அதை உருவிவிட்டு, தன் மார்பிலிருந்து மெல்லிய இறகு இழைகளை இழுத்துக் கீழ்ப்பக்கமாகத் தொங்கும்படி நுழைத்தாள். வலித்தது. ஆனால் லேசான காற்றுக்கே அந்த இழைகள் நடுங்கின.

பவுனு பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒயிலன் தன் இறகு மண்ணில் கிடப்பதைப் பார்த்தான்.

"இருந்த அழகையும் கெடுத்துட்டியே தங்கச்சி! இத எவன் பாப்பான்?"

பேச்சிக்கு முகம் சூடாயிற்று. இருந்தாலும் ஈசலை மெதுவாகத் தண்ணீரில் வைத்துவிட்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

காற்று கொஞ்சம் வீசியது. ஈசல் நேராக மிதந்தது. கால்களைச் சுற்றித் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் விரிந்தன. ஆழத்தில் ஒரு வெள்ளி மினுக்கம் திரும்பியது. நின்றது. கொஞ்சம் மேலே வந்தது. திரும்பப் போய்விட்டது. பேச்சி மூச்சுக்கூட விடவில்லை. மறுபடியும் வந்தது, இந்தத் தடவை நேராக.

சளப்!

கெண்டை செருப்பைக் கவ்வியது. பேச்சி கெண்டையைக் கவ்வினாள்.

மீனை வாயில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு அவள் கூட்டுக்குப் பறந்த வேகத்தில் பவுனு கிளையிலேயே தடுமாறிவிட்டாள். பேச்சி மீனை மென்மையாக்கிக் கடைக்குட்டியின் வாயில் மட்டும் வைத்தாள். பெரிய குஞ்சுகள் இரண்டையும் சிறகால் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். முதல் வாய் மெல்ல இறங்கியது. இரண்டாம் வாய் வேகமாக இறங்கியது. மூன்றாம் வாய்க்குக் கடைக்குட்டி தலையைத் தூக்கி அம்மாவின் அலகையே பிடித்து இழுத்தது. வலிக்கிற அளவுக்கு இழுத்தது. பேச்சிக்கு அந்த வலி சர்க்கரையாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏழு கெண்டைகள். ஒன்றைச் சின்னமணிக்குக் கொடுத்தாள். மாடன் வயலிலிருந்து வந்தபோது மூன்று குஞ்சுகளும் தொண்டைவரை நிறைந்து கண்ணைச் செருகிக்கொண்டு கிடந்தன. அவன் கொண்டுவந்த தவளையைக் கேட்பார் இல்லை. நீயே சாப்பிடு என்று பேச்சி சொன்னாள். நாலு நாளைக்கு அப்புறம் அவன் வயிறும் நிறைந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் கல்லைச் சுற்றி வேடிக்கை பார்க்க யாரும் வருவதில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கொக்கு நிற்கும், பக்கத்தில் ஒரு செருப்புத் துண்டு மிதக்கும். பேச்சிக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

பிள்ளைகளே, ஒரு பொருளைச் செய்யும்போது அது யாருக்காகவோ அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் மெச்சுவதற்காகச் செய்தால் கைவேலையும் வீண், வயிறும் காயும்.