வாசலை அடைத்த வாடகைக்காரி

காட்டின் நட்ட நடுவில் நடுக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் வயதான மருத மரங்கள் நின்றன. ஆந்தையும் தேவாங்கும் பகல் முழுக்க அங்கே தூங்கும். அதனால் அந்தப் பக்கம் யாரும் உரக்கப் பேசுவதில்லை. குரங்குகள்கூட அங்கே வந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு பூனைபோல நடந்து போகும். காட்டில் வீடு தேடுகிற எல்லோருக்கும் நடுக்குளத்தின் மேல்தான் கண்.

ஒரு நாள் காலையில் மஞ்சரி என்ற இருவாச்சிப் பறவை அங்கே வீடு பார்க்க வந்தாள். கூடவே அவள் கணவன் முத்தழகனும் தரகர் ஓணானும் வந்தார்கள்.

இருவாச்சிக்கு அலகு பெரிதுதான். ஆனால் மரத்தைக் குடைந்து வீடு செய்துகொள்ளத் தெரியாது. யாரிடமாவது ஒரு பொந்தை வாடகைக்குத்தான் பிடிக்க வேண்டும். பிடித்ததும் பெண் இருவாச்சி உள்ளே போய் வாசலை மண் பூசி அடைத்துவிடுவாள். அலகை நீட்டும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடுவாள். குஞ்சு தேறும்வரை வெளியே வரமாட்டாள். அவளுடைய இறகுகளும் உள்ளேயே உதிர்ந்து, பிறகு புதிதாய் முளைக்கும். அதுவரை கணவன் கொண்டுவந்து தரும் பழம்தான் சாப்பாடு.

போன வருஷம் அவர்கள் காட்டின் ஓரத்தில், லாரி போகிற சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் மரம் அதிர்ந்தது. பூசிய மண் காய்வதற்குள் விரிசல் விட்டது. ஒரு மத்தியானம் அந்த விரிசலைப் பெயர்த்துக்கொண்டு உடும்பு உள்ளே நுழைந்தது. இறகுகள் இன்னும் உதிராததால் மஞ்சரி பறந்து தப்பித்தாள். முட்டை தப்பவில்லை.

"இனிமேல் அதிராத மரத்தில்தான் முட்டையிடுவேன்" என்று அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"பாருங்கம்மா!" என்றது ஓணான். "கிழக்கு பார்த்த வாசல். குளத்துக் காத்து. இந்த ஏரியாவுல பொந்து கிடைக்கிறது குதிரைக் கொம்பு! உங்களுக்காகத்தான் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்."

மஞ்சரி தலையை நுழைத்துப் பார்த்தாள். பொந்து ஆழமாக, ஈரமில்லாமல் இருந்தது. மூலையில் கொஞ்சம் பலாக்கொட்டை குவிந்து கிடந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். அலகால் மரத்தைத் தட்டிப் பார்த்தாள். மரம் அசையவே இல்லை. அவள் மனசு நிறைந்துவிட்டது.

வீட்டு ஓனர் சடையாண்டி மேல்கிளையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு மலையணில். தம்மைவிட நீளமான வாலை நீவிக்கொண்டு, கீழே பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். அவரிடம் போய்ப் பேச மஞ்சரிக்குக் கூச்சமாக இருந்தது. புது ஆள் முன்னால் வாயைத் திறந்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அண்ணே" என்று ஓணானிடம் மெல்லச் சொன்னாள். "நாங்க வாசலை மண்ணு பூசி அடைப்போம். ஓனருக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது. விறுவிறுவென்று மேலே ஏறியது.

அங்கே சடையாண்டி கேட்டார்: "யோவ்! மூலையில என் பலாக்கொட்டை இருக்கு. மழைக்காலம் முழுக்க எனக்கு அதுதான் சோறு. வேணுங்கறப்ப வந்து எடுத்துப்பேன். வாசல் எப்பவும் திறந்தே இருக்கணும். அதெல்லாம் சொல்லிட்டியா?"

ஓணான் அதற்கும் தலையை மேலும் கீழும் ஆட்டியது. ஓணானுக்குத் தலையாட்டுவது மூச்சு விடுவதுபோல. கீழே இருந்த மஞ்சரிக்குப் பேச்சு கேட்கவில்லை. தலையாட்டல் மட்டும் தெரிந்தது.

"சரின்னுட்டார்போல இருக்குங்க!" என்று கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

முத்தழகன் கொண்டுவரும் அத்திப்பழத்தில் ஒரு பங்கு வாடகை என்று பேசி முடிந்தது. அன்றே மஞ்சரி குடிபுகுந்தாள். முத்தழகன் குளத்துச் சேற்றை அலகில் அள்ளி அள்ளிக் கொடுத்தான். அவள் உள்ளிருந்து குழைத்துப் பூசினாள். சடையாண்டி அப்போது அத்தை வீட்டு விருந்துக்காகப் பக்கத்து மலைக்குப் போயிருந்தார். பல நாள் கழித்து அவர் திரும்பி வருவதற்குள் வாசல் மூடிவிட்டது. மஞ்சரியின் இறகுகள் உதிர்ந்துவிட்டன. வெள்ளையாக ஒரு முட்டையும் வந்துவிட்டது.

விருந்து முடிந்து வந்த சடையாண்டி மரத்தைப் பார்த்தார். ஒரு சுற்று சுற்றினார். மறுபடியும் சுற்றினார்.

"ஐயோ! என் வாசலைக் காணோமே!"

இடுக்கில் ஓர் அலகு நுனி தெரிந்தது.

"ஏம்மா! யாரைக் கேட்டு அடைச்சே? உள்ள என் சாப்பாடு இருக்கு! திற!"

மஞ்சரி அலகை உள்ளே இழுத்துக்கொண்டாள். "தரகர்கிட்ட... சொல்லியிருந்தேனே..." என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

சடையாண்டி பல்லால் மண்ணைக் கடித்துப் பெயர்க்க ஆரம்பித்தார். மஞ்சரி உள்ளிருந்து அத்திப்பழச் சக்கையைக் குழைத்து அந்த இடத்தை அடைத்தாள். அவர் இந்தப் பக்கம் கடித்தால் அவள் இந்தப் பக்கம் பூசினாள். அவர் அந்தப் பக்கம் போனால் அவளும் அந்தப் பக்கம் போனாள். வாய் முழுக்க மண்ணோடு அவர் இறங்கிப் போனார். மறுநாள் காலையில் மறுபடியும் வந்தார். இப்படியே சில நாள் போயிற்று.

முத்தழகன் ஓணானைத் தேடிப் பிடித்துக் கேட்டான். "அதுக்கென்ன, பேசிடறேன்!" என்று தலையாட்டிய ஓணான் அந்தப் பக்கமே வரவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. முத்தழகன் பெரிய சிறகுக்காரன். அவன் பறந்து வரும்போது காற்றே கிழிவதுபோல இரையும். ஆந்தையம்மாள் தூக்கம் கலைந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, நீ வர்றியா, லாரி வருதா? நாங்கள்லாம் பகல்லதான் கண்ணசர்றோம். இது அந்த மாதிரி இடம் இல்ல!"

முத்தழகன் இடுக்கின் அருகே உட்கார்ந்து பெருமூச்சு விட்டான்.

"மஞ்சு, வேற இடம் பாத்துடலாமா? இவங்களோட நமக்கு ஒத்து வராது."

"எப்படிங்க போறது? ஒரு இறகுகூட இல்ல எனக்கு."

"அப்ப அந்த ஓணான்கிட்டயே இன்னொரு தடவ கெஞ்சிப் பாக்கறேன். இல்ல, ஆந்தையம்மாகிட்டச் சொல்லிச் சொல்லச் சொல்றேன்..."

மஞ்சரி முட்டையைப் பார்த்தாள். அது அவள் வயிற்றுச் சூட்டில் கதகதவென்று இருந்தது. ஓனர் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது அவளைக் குத்தியது.

"வேண்டாங்க" என்றாள். "யார் மூலமாவும் வேண்டாம். சாயங்காலம் எல்லாரும் முழிச்சதும் வரச் சொல்லுங்க. ஓனரையும் கூப்பிடுங்க. அந்த ஓணானையும் எங்கிருந்தாலும் பிடிச்சுட்டு வாங்க. நானே பேசறேன்."

"நீயா?"

"நான்தான்!"

பொழுது சாயும் நேரத்தில் எல்லோரும் கூடினார்கள். முத்தழகன் ஓணானை அலகில் கவ்விக்கொண்டு வந்து நிறுத்தினான். ஆந்தையம்மாள் சோம்பல் முறித்தாள். தேவாங்கு கண்ணைக் கசக்கிக்கொண்டது. சடையாண்டி வாலைச் சாட்டைபோலச் சுழற்றினார்.

"நல்லா கேளுங்க!" என்றார். "வாசல் திறந்திருக்கணும்னு சொல்லித்தான் வீட்டை விட்டேன். யோவ் ஓணான், நான் சொன்னேனா இல்லையா?"

ஓணான் தலையை ஆட்டியது.

இடுக்கு வழியாக மஞ்சரியின் குரல் வந்தது. முதலில் நடுங்கியது. "அண்ணே... வாசலை அடைப்போம்னு நான் உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

"அப்போ ரெண்டு பேருக்கும் சரின்னியா?" என்று கேட்டாள் ஆந்தையம்மாள்.

ஓணான் மறுபடியும் தலையை ஆட்டியது. தேவாங்கு சிரிப்பை அடக்க முடியாமல் கிளையைக் கட்டிக்கொண்டது.

"அட மண்டூகமே!" என்று சடையாண்டி பாய்ந்தார். ஓணான் ஒரே ஓட்டம்! புதருக்குள் போய் விழுந்தது.

"ஐயா" என்று கூப்பிட்டாள் மஞ்சரி. இப்போது குரல் நடுங்கவில்லை. "அவர் போகட்டும். நேரா உங்ககிட்டயே கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு. இப்பக் கேக்கறேன். வாசல் திறந்திருக்கறதுல உங்களுக்கு என்னென்ன வேணும்?"

சடையாண்டி திகைத்தார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ஒண்ணு, என் பலாக்கொட்டை. மழை பிடிச்சுக்கிட்டா எனக்கு வேற வழியில்ல."

"இடுக்குல வாயை வைங்க. நான் உள்ளேருந்து எடுத்துத் தர்றேன். எப்பக் கூப்பிட்டாலும் இருப்பேன். எங்க போகப் போறேன்?"

"இன்னொண்ணு..." அவர் இழுத்தார். "வாசலையே மூடிட்டா வீடு யாருது? நாளைக்கு நீ காலி பண்ணமாட்டேன்னா நான் எங்க போய் முட்டிக்கறது?"

"ஐயா, எந்தத் தாயும் இப்படி அடைஞ்சு கிடக்க ஆசைப்பட மாட்டா. என் இறகு முளைச்சு, குஞ்சு தேறினதும் நானே இதை உடைச்சுட்டு வெளிய வருவேன். ஆனா அதுக்கு முன்னால வரமாட்டேன். இதையும் இப்பவே சொல்லிடறேன். மிரட்டினாலும் வரமாட்டேன். நீங்க கடிக்கக் கடிக்க நான் பூசிக்கிட்டுத்தான் இருப்பேன்."

"அவ்வளவு தைரியமா?"

"போன வருஷம் சுவர் விரிஞ்சு என் முட்டையை உடும்பு தின்னுச்சு. இந்தச் சுவரை உடைச்சா இதுவும் போகும். என்னால பறக்கவும் முடியாது. உடைக்கறதுன்னா, 'முட்டை போனாலும் பரவாயில்ல, உடைக்கறேன்'னு எல்லார் முன்னாலயும் உங்க வாயால சொல்லிட்டு உடைங்க ஐயா!"

  சடையாண்டி வாலை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.  

"நான் எங்கே முட்டையை உடைக்கறேன்னேன்?" என்று முணுமுணுத்தார். "என் சோறு எனக்கு வரணும். அவ்வளவுதான்."

அப்போதே மஞ்சரி ஒரு பலாக்கொட்டையை இடுக்கு வழியாக நீட்டினாள். அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். தம்முடையதுதான். கடித்துத் தின்றார். மனுஷருக்கும் சரி, அணிலுக்கும் சரி, வயிற்றில் ஏதாவது போனால் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

"ஆந்தையம்மா, உங்களுக்கு?" என்று மஞ்சரி விடாமல் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரன் சிறகுதான்மா! தலைக்கு மேல இடி இடிச்ச மாதிரி வருது."

"அக்கரையில இறங்கிட்டு, கிளை கிளையா தத்தி வரச் சொல்றேன். போதுமா?"

"தத்தறதா? நானா?" என்று முத்தழகன் பதறினான்.

"நீங்கதான்" என்றாள் மஞ்சரி. ஆந்தையம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். நடுக்குளத்தில் அவ்வளவு சத்தம் அன்றுதான் கேட்டது.

மறுநாளிலிருந்து காட்டின் கம்பீரமான பறவை, வாயில் அத்திப்பழத்தோடு சிட்டுக்குருவிபோலத் தத்தித் தத்தி வீட்டுக்கு வந்தது. குரங்குகள் கேலி செய்தன. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் மழை விட்ட நேரத்தில் மரத்தில் ஏதோ கரகரவென்று ஏறியது. உடும்பு! மேல்கிளையில் இருந்த சடையாண்டி அப்படியே உறைந்துபோனார். அது நேராகப் பொந்தை நோக்கி வந்தது. நகத்தால் மண் சுவரைப் பிறாண்டியது. உள்ளே மஞ்சரி முட்டையை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, இடுக்கில் அலகை நீட்டி ஓங்கிக் குத்தினாள். உடும்பு மூக்கைத் தேய்த்துக்கொண்டது. சுற்றிவந்து மறுபடியும் பிறாண்டியது. அதிராத மரத்தில் நன்றாகக் காய்ந்த சுவர் அது. ஒரு பக்கம் உதிர்ந்ததே தவிர, உடையவில்லை. கடைசியில் உடும்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கிப் போயிற்று.

சற்று நேரம் கழித்து இடுக்கின் அருகே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மஞ்சரி மறுபடியும் குத்தத் தயாரானாள்.

"குத்திடாதம்மா, நான்தான்!" என்றார் சடையாண்டி. இரண்டு கையிலும் குளத்துச் சேறு. "அந்தப் பாழாப்போனது பிறாண்டின இடம் மெலிசாயிருக்கு. நீ உள்ளேருந்து பூசு. நான் வெளியேருந்து பூசறேன்."

இரண்டு பக்கமும் சேர்ந்து பூசினார்கள். அவர் வால் நுனியெல்லாம் சேறு.

மழை ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலையில் மஞ்சரி உள்ளிருந்து சுவரைக் கொத்தி உடைத்தாள். புது இறகுகளை விரித்து வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய வாயும், அதற்குப் பின்னால் கொஞ்சம் உடம்புமாக ஒரு குஞ்சு எட்டிப் பார்த்துக் கத்தியது. தூக்கம் கலைந்த ஆந்தையம்மாள் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

நமக்கு உயிர்போல வேண்டிய ஒன்றை அடுத்தவர் தலையாட்டலை நம்பி விட்டுவிடாமல், கூச்சப்படாமல் உரியவரிடம் நாமே நேரில் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.